உங்க பாட்டி எந்த ஊரு?

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. விம்கோ நகர்ல மெட்ரோ ஏறி, மாறி மாறி ஓ.எம்.ஆர். போய்ச் சேர்றதுக்குள்ளயே பாதி உசுரு போயிடுது, இதுல எங்க எழுதுறது. போன வாரம் ரிலீஸ் ஒரு வழியா முடிஞ்சது, அதான் வந்துட்டேன். கிரிக்கெட் பதிவுன்னு நினைச்சு வந்தவங்க இப்பவே அப்பீட் ஆகிக்கலாம். இது கால்பந்து மேட்டர். கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் சட்டம், கடைசில கொஞ்சம் சொந்தப் புலம்பல்.

முதல்ல ஒரு கொசுவத்தி. அப்பா துறைமுகத்துல வேலை பார்த்தவர். நான் மூணாவதோ நாலாவதோ படிக்கும்போது ஒரு தடவை உள்ளே கூட்டிட்டுப் போனார். கப்பலோட பின்பக்கம், பேருக்குக் கீழே ஒரு ஊர் பேர் எழுதியிருந்தது. பனாமா. "இது பனாமா கப்பலாப்பா?"ன்னு கேட்டேன். "பேருக்குத்தான் பனாமா. ஓனர் கிரேக்கக்காரன், வேலை செய்யறவங்க பிலிப்பைன்ஸ்காரங்க, ஏத்தப்போற சரக்கு நம்மளோடது"ன்னார். ஒரு கப்பலுக்கு எப்படி இத்தனை ஊர் இருக்கும்னு அன்னைக்கு முழுக்க மண்டை காய்ஞ்சது.

அந்த மண்டைக்காய்ச்சல் மறுபடி வந்தது 2025 நவம்பர் 18ஆம் தேதி ராத்திரி. டாக்காவில் வங்கதேசம் - இந்தியா ஆட்டம். 2027 ஆசியக் கோப்பைக்கான தகுதிச்சுற்று. உண்மையில் ரெண்டு அணியும் அதுக்கு முன்னாடியே போட்டியிலேர்ந்து வெளியே போயாச்சு, மானத்துக்காக ஆடுற ஆட்டம்தான். இந்தியா 0-1ன்னு தோத்தது. வங்கதேசத்துகிட்ட நாம தோத்தது 2003க்கு அப்புறம் அதுதான் முதல் தடவை. இருபத்திரண்டு வருஷம்.

தோல்வியை விட என்னை உறுத்தினது வேற ஒண்ணு. வங்கதேசச் சட்டையில் நடுக்களத்தில் நின்னவர் ஹம்சா சௌத்ரி. இங்கிலாந்தில் பொறந்து, லெஸ்டர் சிட்டிக்கு ஆடினவர், பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும் வச்சிருக்கார், வங்கதேச பாஸ்போர்ட்டும் வச்சிருக்கார். நம்ம பக்கம் ரயன் வில்லியம்ஸ்னு ஒருத்தர். ஆஸ்திரேலியாவில் பொறந்தவர். ஆஸ்திரேலியக் குடியுரிமையையே விட்டுட்டு, அந்த மாசம்தான் இந்திய பாஸ்போர்ட் வாங்கியிருந்தார். பெங்களூர் முகாம்ல அணியோட பயிற்சியும் எடுத்தார். ஃபிஃபா அனுமதிக் காகிதம் வந்து சேரலை, அதனால ஆட முடியலை. ரெண்டு வச்சிருந்தவர் ஆடினார், ஒண்ணைத் தூக்கிப் போட்டுட்டு வந்தவர் பார்த்துட்டு இருந்தார். ஏன் இப்படி?

ஹம்சா கதையை முதல்ல சொல்லிடறேன். 1997ல் லஃப்பரோ என்ற ஊரில் பொறந்தார். அம்மா வங்கதேசத்துல சில்ஹெட் பக்கம், ஹபிகஞ்ச் மாவட்டம். பெத்த அப்பா கரீபியன் கடல்ல இருக்கிற கிரெனடா தீவு வம்சாவளி. வளர்த்த அப்பா வங்கதேசத்தவர். ஆக, ஒரே பையனுக்கு மூணு நாட்டுக் கதவு: பொறந்ததால இங்கிலாந்து, அப்பாவால கிரெனடா, அம்மாவால வங்கதேசம். வீட்டில் பேச்சு சில்ஹெட்டி. லெஸ்டர் அகாடமியில் சின்னப் பையனா சேர்ந்து, கடனுக்கு பர்ட்டன் ஆல்பியன் போய் ஆடி, 2017ல் லெஸ்டர் முதல் அணிக்கு வந்தார். அந்தப் பெரிய சடாமுடித் தலையை ஒரு தடவை பார்த்தா மறக்க முடியாது. முரட்டு ஆளு. 2019ல் 21 வயசுக்குட்பட்டோர் யூரோ கோப்பையில் இங்கிலாந்துக்கு ஆடும்போது ஃபிரான்ஸ் ஆட்டத்துல ஒரு டாக்கிள் போட்டு சிவப்பு அட்டை வாங்கினார். 2021ல் லெஸ்டர் எஃப்.ஏ. கோப்பை ஜெயிச்ச இறுதிப் போட்டியில் மாற்று ஆட்டக்காரரா இறங்கினார். வெம்ப்ளி மைதானத்துல எஃப்.ஏ. கோப்பை பதக்கம், 23 வயசு. அந்த வயசுல எவனுக்கும் இங்கிலாந்து சீனியர் அணிதான் கனவா இருக்கும். அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அழைப்பு வரலை.

2024ல் வங்கதேச பாஸ்போர்ட் வாங்கினார். அதே வருஷம் டிசம்பர்ல ஃபிஃபா அனுமதி கொடுத்தது. 2025 மார்ச் 25, ஷில்லாங்கில் முதல் ஆட்டம். யாருக்கு எதிரா? சாட்சாத் நமக்குத்தான். ஓய்வு பெற்ற சுனில் சேத்ரியைத் திரும்பக் கூட்டிட்டு வந்து ஆடியும் 0-0. அப்போ ஹம்சாவுக்கு 27 வயசு. ஷெஃபீல்டு யுனைடெட்டுக்குக் கடன்ல ஆடிட்டு இருந்தார். இதைக் குறிச்சு வச்சுக்கோங்க: வங்கதேசத்துக்கு ஆட அவர் இங்கிலாந்து வேலையை விடவே இல்லை. பிரிட்டன் மாதிரி பல நாடுகளோட சேர்த்து இரட்டைக் குடியுரிமை வச்சுக்க வங்கதேசச் சட்டம் விடுது. ஆட்டம் முடிஞ்சதும் ஃப்ளைட் ஏறித் திரும்பிப் போய் வேலையைப் பார்க்கலாம்.

இப்போ சரித்திரம். ஒரு காலத்துல ஃபிஃபா இந்த விஷயத்துல ரொம்ப தாராளம். டி ஸ்டெஃபானோ அர்ஜென்டினாவுக்கு ஆடிட்டு அப்புறம் ஸ்பெயினுக்கு ஆடினார். புஷ்காஷ் ஹங்கேரிக்கு 1954 உலகக் கோப்பை இறுதிப் போட்டி வரை ஆடிட்டு, 1962ல் ஸ்பெயின் சட்டையில் உலகக் கோப்பைக்கு வந்தார். அல்டாஃபினி இன்னும் மோசம், 1958ல் பிரேசிலோட கோப்பை ஜெயிச்சுட்டு, அடுத்த உலகக் கோப்பையில் இத்தாலிக்காரர்! இதெல்லாம் ஓவரா போகுதுன்னு 1960களில் கதவைச் சாத்தினாங்க. ஒரு நாட்டுக்கு அதிகாரப்பூர்வப் போட்டியில் ஆடினா அதோட சரி. பிறகு 2003-04ல் கொஞ்சம் திறந்தாங்க: இளையோர் அணிக்கு மட்டும் ஆடியிருந்தா மாறிக்கலாம், ஆனா 21 வயசுக்குள்ள. 2009ல் அந்த வயசு வரம்பும் போச்சு. 2020ல் இன்னும் கொஞ்சம் திறந்தது, சீனியர் அணிக்கு 21 வயசுக்கு முன்னாடி மூணு ஆட்டத்துக்கு மேல ஆடாதவங்க சில நிபந்தனைகளோட மாறலாம்.

இதுக்கு நடுவுல 2004ல் ஒரு கூத்து. பிரேசில் ஆட்டக்காரர்கள் சிலரைக் காசு கொடுத்து வாங்கிக்க கத்தார் கிளம்பினதும் ஃபிஃபா பதறிப்போய் ஒரு விதி போட்டது. நாட்டோட உண்மையான தொடர்பு இருக்கணும். அதாவது நீ அங்க பொறந்திருக்கணும், இல்ல உங்க அப்பா அம்மா, இல்ல தாத்தா பாட்டி அங்க பொறந்திருக்கணும், இல்ல நீ அங்க பல வருஷம் வாழ்ந்திருக்கணும். ஆக, ஃபிஃபா கேக்கற கேள்வி கல்யாணத் தரகர் கேள்விதான்: உங்க பாட்டி எந்த ஊரு?

(இந்தப் பாட்டி சர்டிபிகேட் எவ்வளவு மதிப்பான சரக்குன்னு மலேசியாவைக் கேளுங்க. 2025 செப்டம்பர்ல ஏழு ஆட்டக்காரர்களுக்கு ஃபிஃபா தடை போட்டது. அவங்க தாத்தா பாட்டி மலேசியாவில் பொறந்ததா காட்டின சான்றிதழ்ல கோல்மால்னு குற்றச்சாட்டு. ஒரிஜினல்படி அந்தப் பெருசுங்க பொறந்தது அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து. நம்மூர்ல ரேஷன் கார்டுக்குப் பண்ற வேலையை அவங்க உலகக் கால்பந்துக்குப் பண்ணியிருக்காங்க :-) )

இந்தியா பாட்டியைப் பத்திக் கவலைப்படறதே இல்லை. அது கேக்கறது ஒண்ணே ஒண்ணு, பாஸ்போர்ட். வேற நாட்டுக் குடியுரிமையை நாமா வாங்கினா இந்தியக் குடியுரிமை போச்சுன்னு அரசியல் சாசனத்தின் 9ஆவது பிரிவும், 1955 குடியுரிமைச் சட்டத்தோட 9ஆவது பிரிவும் சொல்லுது. பிரிவினை நடந்து சில வருஷத்துல எழுதின சட்டம், ஒருத்தன் ஒரே நேரத்துல ரெண்டு பக்கம் நிக்கறதைப் பார்த்தாலே பயந்த காலம். அந்தப் பயத்தைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரலை. 2005-06ல் வந்த ஓ.சி.ஐ. அட்டை பேர்லதான் குடியுரிமை, நிஜத்துல ஆயுள்கால விசா. ஓட்டும் கிடையாது, இந்தியச் சட்டையும் கிடையாது.

ஆனா சட்டைக் கதை எப்பவும் இவ்வளவு கறாரா இல்லை. நம்ம சென்னை விஜய் அமிர்தராஜோட மகன் பிரகாஷ், லாஸ் ஏஞ்சல்சில் பொறந்து வளர்ந்தவர், டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடியிருக்கார். 2008 டிசம்பர்ல விளையாட்டு அமைச்சகம் இந்திய பாஸ்போர்ட் உள்ளவங்க மட்டும்தான் இந்தியாவுக்கு ஆடலாம்னு கொள்கை போட்டது. அதோட அந்தக் கதவு மூடிடுச்சு.

கால்பந்துல இதுல அடிபட்டவர்னா மைக்கேல் சோப்ரா. நியூகாசில்காரர், அப்பா இந்திய வம்சாவளி. 2006 ஏப்ரல்ல சண்டர்லேண்டுக்கு எதிரா மாற்று ஆளா இறங்கி பதினைஞ்சு செகண்டுல கோல் போட்டவர். அந்த வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன்னு கணக்கே இல்லை. அவர் 2010 வாக்கில் இந்தியாவுக்கு ஆட ஆசைப்பட்டார். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டைக் கொடுத்துடணும்னு சொன்னாங்க. கொடுத்தா என்ன ஆகும்? அவர் இங்கிலாந்துல வெளிநாட்டவர் ஆயிடுவார், கிளப்புக்கு ஆட வொர்க் பெர்மிட் வேணும். அந்தக் காலத்து விதிப்படி அதுக்கு அவரோட தேசிய அணி ஃபிஃபா ராங்கிங்ல முதல் 70க்குள்ள இருக்கணும். இந்தியா நூத்துச் சொச்சத்துல கிடந்தது. இந்தியாவுக்கு ஆட பாஸ்போர்ட்டைக் கொடுத்தா வேலை போயிடும், வேலை இல்லாதவனை இந்தியாவுக்குக் கூப்பிட்டு என்ன பிரயோஜனம்? எங்க பாஷையில சொன்னா டெட்லாக். கடைசில சோப்ரா கேரளா பிளாஸ்டர்ஸ்ல வெளிநாட்டு ஆளா வந்து ஆடிட்டுப் போனார்.

ஜப்பான்ல பொறந்த அராட்டா இசூமி மட்டும் துணிஞ்சார். அப்பா குஜராத்தி. 2006ல் ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்கு ஆட வந்து, இங்கேயே தங்கி, ஜப்பான் குடியுரிமையை விட்டு, 2013ல் இந்தியாவுக்கு ஆடினார். அப்போ அவருக்கு முப்பது வயசு. ஒன்பது ஆட்டம், அவ்வளவுதான்.

இதுலதான் என் பாயிண்ட் இருக்கு. வர்றவங்க வயசைப் பாருங்க. இசூமிக்கு 30. ரயன் வில்லியம்ஸ் பாஸ்போர்ட் வாங்கும்போது 32. இருபது வயசுப் பையன் ஐரோப்பாவில் கான்ட்ராக்டை வச்சுக்கிட்டு பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட மாட்டான், போடவும் கூடாது. நியூசிலாந்தில் பஞ்சாபிக் குடும்பத்துல பொறந்த சர்ப்ரீத் சிங், 2018 ஜூன்ல மும்பைக்கே வந்து நியூசிலாந்துக்கு ஆடினார். நம்மளை 2-1ன்னு ஜெயிச்சுட்டுப் போனாங்க. அடுத்த வருஷம் பயர்ன் மூனிக் சட்டையில் பண்டஸ்லிகா ஆடிட்டு இருந்தார். அவர்கிட்ட போய் எல்லாத்தையும் விட்டுட்டு வாப்பான்னு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு கேக்கறது? நம்ம சட்டம் இளசுகளை வடிகட்டிட்டு, ரிட்டயர்மென்ட்டுக்குப் பக்கத்துல இருக்கறவங்களை மட்டும் உள்ளே விடுது.

எதிராளிங்க சும்மா இருக்காங்களா? அதே தகுதிச்சுற்றை எடுத்துக்கோங்க. 2025 ஜூன்ல ஹாங்காங் நம்மளை 1-0ன்னு ஜெயிச்சது, கடைசி நிமிஷப் பெனால்டியைப் போட்டவர் பிரேசில்ல பொறந்த ஸ்டெஃபான் பெரேரா. அக்டோபர்ல மர்காவில் சிங்கப்பூர் 2-1, ரெண்டு கோலும் தென்கொரியாவில் பொறந்த சாங் உய்-யங். நியாயமா ஒண்ணு சொல்லணும், சிங்கப்பூர்லயும் இரட்டைக் குடியுரிமை கிடையாது. சாங் கொரியக் குடியுரிமையை விட்டுட்டுத்தான் வந்தார். ஆனா அவர் 2012லேர்ந்து அங்கேயே வாழ்ந்தவர். அதனால எல்லாப் பழியையும் சட்டத்து மேல போட முடியாது. இன்னொண்ணும் சொல்லிடறேன், ஹம்சா வந்தும் வங்கதேசம் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறலை.

சட்டத்தை உடைக்காம வளைச்ச நாடும் இருக்கு. சுரினாம். ஹல்லிட், ரைக்கார்ட், டேவிட்ஸ், சீடார்ஃப்னு நெதர்லாந்துக்கு ஆடின பெரிய தலைங்க பல பேர் அந்தக் குட்டி நாட்டு வம்சம்தான். இந்திய வம்சாவளி ஆரோன் வின்டர் கூட அங்கதான் பொறந்தார், நெதர்லாந்துக்கு 84 ஆட்டம் ஆடினார். தன் பசங்க இன்னொருத்தன் வீட்டுல கோல் போடறதைப் பல வருஷம் பார்த்துட்டு, 2019ல் 'விளையாட்டு பாஸ்போர்ட்'னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. டச்சு பாஸ்போர்ட்டை விடாமலே சுரினாமுக்கு ஆடலாம். 2021ல் முதல் முறையா கோல்டு கப் ஆடினாங்க.

இப்போ நம்ம ஏரியாவுக்கு வரேன். ரயன் வில்லியம்ஸ் யாரு? 1993ல் பெர்த்தில் பொறந்தார். போர்ட்ஸ்மத், ஃபுல்ஹாம், பார்ன்ஸ்லி, ராதர்ஹாம்னு இங்கிலாந்துல பத்து வருஷத்துக்கு மேல ஆடினார். 2019 ஜூன்ல புசான்ல தென்கொரியாவுக்கு எதிரா ஆஸ்திரேலியாவுக்கு ஒரே ஒரு ஆட்டம். அது நட்பு ஆட்டம், அதனால கதவு மூடலை. 2023ல் பெங்களூரு எஃப்.சி. அம்மா மும்பை ஆங்கிலோ இந்தியன் குடும்பம். தாத்தா லிங்கன் குரோஸ்டேட், 1950களில் சந்தோஷ் டிராஃபியில் பம்பாய்க்காக ஆடினவர்.

ஆங்கிலோ இந்தியன்னு சொன்னதும் ராயபுரம், பெரம்பூர் ஆளுங்களுக்குப் புரிஞ்சிருக்கும். 1856ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பினது எங்க ராயபுரத்துலேர்ந்துதான். ரயில்வே, துறைமுகம், சுங்கம், தந்தின்னு இந்தப் பக்கத்து வேலைகள்ல அவங்க நிறைய பேர் இருந்தாங்க. அப்புறம் ஒவ்வொரு குடும்பமா காலி. எனக்கு ஏழெட்டு வயசு இருக்கும்போது எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி இருந்த ஒரு வீடு மெல்போர்ன் போச்சு. அந்த வீட்டுப் பையன்தான் எங்களுக்கு ஒழுங்கா பந்து உதைக்கச் சொல்லிக் கொடுத்தவன். போகும்போது பந்தைக் கொடுத்துட்டுப் போனான். நாலே நாள்ல அது லாரி சக்கரத்துல போச்சு.

அந்தக் கிளம்பல் 1947லயே ஆரம்பிச்சது. அந்த ஆகஸ்ட்ல, இங்க கொடி ஏத்தின நாட்கள்ல, 'மனூரா'ங்கற கப்பல் நூத்துக்கணக்கான ஆங்கிலோ இந்தியர்களோட ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டில் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. அப்போ அங்க வெள்ளையர் மட்டும் கொள்கை. உள்ளே போகணும்னா தாத்தா பாட்டி ஐரோப்பியர்னு காகிதம் காட்டணும். ஜபல்பூர்லேர்ந்து பெர்த் போன பியர்ஸ் சகோதரர்கள் அஞ்சு பேரும் ஆஸ்திரேலியாவுக்கு ஹாக்கி ஆடினாங்க. அதுல எரிக் பியர்ஸ் நாலு ஒலிம்பிக். 1968 மெக்சிகோவில் அரையிறுதியில் இந்தியாவை 2-1ன்னு தோற்கடிச்ச அணியில் அவரும் உண்டு. 1928லேர்ந்து எல்லா ஒலிம்பிக்லயும் முதல் ரெண்டு இடத்துக்குள்ள வந்த இந்தியா, அன்னைக்குத்தான் முதல் முறையா அதைத் தவறவிட்டது.

அன்னைக்குப் போறதுக்குப் பாட்டி சர்டிபிகேட். இன்னைக்குத் திரும்பி வர்றதுக்கும் பாட்டி சர்டிபிகேட். நடுவுல ரெண்டு தலைமுறை.

இதையெல்லாம் நண்பன் ஒருத்தன்கிட்ட வீராவேசமா பேசினேன். தண்டையார்பேட்டை பக்கம் பசங்களுக்குக் கோச்சிங் கொடுக்கறவன். முழுசா கேட்டுட்டு சொன்னான்: "இன்னா மச்சான் பேசற நீ. அவுனுக்கு ரெண்டு பாஸ்போர்ட்டு வேணும்னு நீ அழுவுற. என் பசங்களுக்கு பர்த் சர்டிபிகேட்டே ஒழுங்கா கெடையாது. வெளியேர்ந்து பதினோரு பேரை எறக்கிட்டா என் பையன் எங்க ஆடுவான்?"

எனக்குப் பதில் வரலை. வியாசர்பாடியிலேர்ந்து தனபால் கணேஷ் இந்தியா வரைக்கும் போனது எந்தப் பாட்டியாலயும் இல்லை. ஒரு காலத்துல பந்து நல்லா ஆடினா ஐ.சி.எஃப்., கஸ்டம்ஸ், போர்ட் டிரஸ்ட், இந்தியன் பேங்க்னு வேலை கிடைக்கும், அதுக்காகவே எங்க ஏரியாவில் தெருவுக்குத் தெரு ஆடினாங்க. ஆனாலும் ஒண்ணு கேட்டேன்: "அந்த ஹம்சா மாதிரி ஒருத்தன் உன் பசங்களோட ஒரு வாரம் பிராக்டீஸ் பண்ணா வேணாம்னுவியா?" கொஞ்ச நேரம் யோசிச்சான். "ஒருத்தன் ரெண்டு பேருன்னா ஓகே. அணி முச்சூடும்னா நான் மேட்ச் பாக்க மாட்டேன்"ன்னான். 2025ல் நம்ம கால்பந்து சம்மேளனம் வெளிநாட்டில் இருக்கிற முப்பது சொச்சம் இந்திய வம்சாவளி ஆட்டக்காரர்களோட பேசிட்டு இருக்கோம்னு சொன்னது. முப்பது பேருக்கும் ஒரே பதில்தான் இருக்கும்: பாஸ்போர்ட்டை விட முடியாதே சார். அதுல ரெண்டு பேரையாவது, இருபது வயசுல, அவங்க வேலை கெடாம உள்ளே விட சுரினாம் மாதிரி ஒரு வழி இருந்தா நாடு ஒண்ணும் குடி முழுகிடாதுன்னுதான் இப்பவும் நினைக்கிறேன்.

சொந்தப் புலம்பல்னு சொன்னேனே. என் லேப்டாப்லயும் ஒரு ஃபோல்டர் இருக்கு, கனடா பி.ஆர். பாதி ரொப்பி வச்சிருக்கேன். அம்மா அன்னைக்குக் கேட்டாங்க, "அங்க போனா நீ இந்தியன் இல்லியாடா?" பி.ஆர். வரைக்கும் இந்தியன்தாம்மா, சிட்டிசன் ஆனாத்தான் விட்டுக்கொடுக்கணும்னேன். "உம் புள்ள?"ன்னாங்க. கல்யாணமே ஆகலை, அதுக்குள்ள புள்ளைக்குப் போயிட்டாங்க. அப்பா பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்கவே இல்லை.

போன சனிக்கிழமை நண்பன் போன் பண்ணான். அவன் பையன் ஒருத்தனுக்கு அண்டர்-14 ரிஜிஸ்ட்ரேஷன் ஆன்லைன்ல பண்ணணுமாம், "நீதான் கம்ப்யூட்டர் இஞ்சினியராச்சே"ன்னான். பர்த் சர்டிபிகேட்ல ஒரு ஸ்பெல்லிங், ஆதார்ல வேற ஸ்பெல்லிங், அப்லோட் பண்ணா ரிஜெக்ட் ஆகுது. அம்மா பேர்லயும் தப்பு. பையன் பக்கத்துல பந்தைக் கால்ல உருட்டிக்கிட்டே நின்னான். ராத்திரி ஒன்பதரை வரைக்கும் உக்காந்தோம். திங்கக்கிழமை கார்ப்பரேஷன் ஆபீஸ் போய்த் திருத்தணும்.